செய்தியை இரண்டு பேனையோடு வாசிப்பது: ஊடகத்தில் இனமும் பெண்ணும் – மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்."

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ படிக்கப் போன, வேலைக்குப் போன மட்டக்களப்பார் இதைக் கேட்காமல் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். சொல்பவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். வெளியூரிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த ஆண்களை இங்குள்ள பெண்கள் மந்திரித்து, மருந்து போட்டு, திரும்பிப் போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்வார்கள் என்பது கதை. கதையை விடுங்கள். ஒரு பிரதேசத்தையே மட்டம் தட்ட நினைத்தவர்கள் அந்த மண்ணின் வயலையோ வாவியையோ பிடிக்கவில்லை, பெண்ணைப் பிடித்தார்கள். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியாக வரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். வந்தவர் ஏன் தங்கினார் என்று கேட்டால், வீடும் வளவும் மனைவி பேரில் இருந்ததே பாதி விடையாக இருக்கும். ஆனால் அது பழமொழிக்குள் வரவில்லை. பாயும் மந்திரமும் வந்துவிட்டன.

நான் சில வருடங்கள் பிராந்திய நிருபராக இருந்தவன். இப்போது சனிக்கிழமைகளில் ஒரு வாசிகசாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிறேன். வாசிப்பது என்றால் வெறும் வாசிப்பு அல்ல, பேனை பிடித்து வெட்டிக் கிழித்து வாசிப்பது. அதில் நாங்கள் கைக்கொண்ட முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பாயோடு ஒட்டும் கதை எங்கள் முதல் பாடம். இனத்தைப் பற்றிய பேச்சும் பெண்ணைப் பற்றிய பேச்சும் எங்கள் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தே வரும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்று: சொல்லை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

"இனம்" என்ற சொல்லை நாங்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம்? மாட்டினம், மீனினம், தமிழினம், பெண்ணினம். அமெரிக்காவில் இனம் என்றால் முதலில் தோலின் நிறம் நினைவுக்கு வரும். இலங்கையில் அது மொழியும் மதமும் பரம்பரையும் கலந்த ஒரு குழம்பு. பிறப்புப் பதிவில் தாயின் இனம், தந்தையின் இனம் என்று கூடு இருக்கிறது. அதற்குள் இலங்கைத் தமிழர் என்றோ, இலங்கைச் சோனகர் என்றோ, சிங்களவர் என்றோ, பறங்கியர் என்றோ எழுதுவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. "தமிழ் – முஸ்லிம் உறவு" என்று தினமும் எழுதுகிறோம். ஒன்று மொழியின் பெயர், மற்றது மதத்தின் பெயர். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் வீட்டுக்குள் பேசுவதும் தமிழ்தான். அப்படியென்றால் கோடு எங்கே விழுகிறது? இந்தக் கேள்விக்கு ஒரே நாளில் விடை தேட வேண்டாம். அந்தக் கோட்டைச் செய்தி எப்போது போடுகிறது, எப்போது அழிக்கிறது என்று பார்த்தால் போதும்.

எண்களையும் மனதில் வைத்திருங்கள். 2012 கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழ 73 வீதம், முஸ்லிம்கள் 25 வீதம். 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்த அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43, சிங்களவர் 39, தமிழர் 17. "அம்பாறையில் பதற்றம்" என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் அது அம்பாறை நகரமா, கல்முனையா, திருக்கோவிலா என்று உடனே கேளுங்கள். முதலாவதில் சிங்களவர் அதிகம், இரண்டாவதில் முஸ்லிம்கள், மூன்றாவதில் தமிழர். மூன்றும் வேறு வேறு உலகம்.

இரண்டு: ஒரு வாரத்துப் பேப்பர், ஒரு கொப்பி

ஒரே ஒரு பத்திரிகையைத் தெரிவுசெய்து ஒரு வாரத்துக்கு எடுங்கள். முதற்பக்கமும் பிராந்தியச் செய்திப் பக்கமும் போதும். அதோடு உங்கள் ஊர்ப் பேஸ்புக் பக்கம் ஒன்று. வட்ஸ்அப் குழுவைச் சேர்க்காதீர்கள், அது கரையில்லாத கடல். சிவப்புப் பேனை பெண்ணுக்கு, நீலப் பேனை இனத்துக்கு. எங்கே பெண் என்று சுட்டியிருக்கிறதோ அங்கே சிவப்புக் கோடு, எங்கே இனமோ மதமோ தெரியவருகிறதோ அங்கே நீலக் கோடு. இரண்டு நிறமும் ஒரே வரியில் விழுந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். பிறகு உதவும்.

மூன்று: தலையை எண்ணுங்கள்

ஒவ்வொரு செய்தியிலும் யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று இரண்டு நிரல் போட்டு எண்ணுங்கள். உலகம் முழுக்க இப்படி எண்ணும் ஒரு வேலை 1995 முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று பெயர். 1995 இல் செய்தியில் வந்தவர்களில் 17 வீதம்தான் பெண்கள். 2015 இல் 24, 2020 இல் 25. கால் நூற்றாண்டில் எட்டுப் படி.

எங்கள் ஊர்ப் பக்கத்தை எண்ணும்போது இன்னொன்றும் தெரியும். பெண் வரும் இடம் விபத்து, கொலை, வெள்ள நிவாரணம், தையல் இயந்திரம் வழங்கும் வைபவம். நிவாரணப் படத்தில் பெண்தான் பொதியை வாங்குவார், கொடுப்பவர் பெயர் பதவியோடு கீழே இருக்கும், வாங்குபவருக்குப் பெயரே இருக்காது. உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதம் பெண்கள் என்ற ஒதுக்கீடு 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அந்த உறுப்பினர்கள் சபையில் வடிகானைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் பேசினார்கள். பேப்பரில் அவர்களை எந்தப் பக்கத்தில் கண்டீர்கள் என்று தேடிப் பாருங்கள்.

நான்கு: பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்

இனி நான் தரும் தலைப்புகள் எல்லாம் நானே பயிற்சிக்காக எழுதியவை, எங்கும் அச்சானவை அல்ல. ஆனால் கேட்ட மாதிரி இருக்கும்.

"இரு பிள்ளைகளின் தாய் சடலமாக மீட்பு." "யுவதி மாயம்." "குடும்பப் பெண் கைது." ஆணுக்கும் இப்படி உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். "மூன்று பிள்ளைகளின் தந்தை", "இளம் குடும்பஸ்தர்" என்று விபத்துச் செய்தி எழுதாத நிருபர் இல்லை, நானும் எழுதினேன். வித்தியாசம் இரண்டாம் பந்தியில் வரும். அங்கே ஆண் மேசன் ஆகிவிடுவார், மீனவர் ஆகிவிடுவார், வியாபாரி ஆகிவிடுவார். பெண் கடைசி வரியிலும் தாயாகவே இருப்பார். அவர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவரா, வயலில் கூலிக்கு நின்றவரா, ஆசிரியையா என்று தெரியாமலேயே செய்தி முடிந்துவிடும். "பெண் வைத்தியர்", "பெண் சாரதி" என்று எழுதும் இடத்தில் தொழில் வருகிறது, ஆனால் விதிவிலக்கு என்ற முத்திரையோடு வருகிறது.

நீலப் பேனைக்கு வாருங்கள். இனம் எப்போது தலைப்பில் ஏறுகிறது? போதைப்பொருளோடு பிடிபட்டவர் வேற்றினத்தவர் என்றால் ஏறும், நம்மவர் என்றால் "நபர்" ஆகிவிடுவார். அதேபோல் ஒருவர் பரீட்சையில் முதலாம் இடம் பெற்றால் ஊர் ஏறும், இனம் ஏறும், பாடசாலை ஏறும். இன்னும் நாசூக்கான சொற்களும் உண்டு: "சகோதர இனத்தைச் சேர்ந்த", "பெரும்பான்மை இனத்தைச் சேர்ந்த", "மாற்று மதத்தவர்". சொல் மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் வாசகர் எல்லோருக்கும் ஆள் யாரென்று விளங்கும். சண்டை நடந்த செய்தியில்தான் "சகோதர" என்பது அதிகம் வருகிறது என்பது எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகள் கண்டுபிடித்தது.

சோதிக்கும் வழி எளிது. செய்தியில் இனத்தை மாற்றி எழுதிப் பாருங்கள். முஸ்லிம் என்ற இடத்தில் தமிழ், தமிழ் என்ற இடத்தில் சிங்களம். வாசிக்கும்போது காது கூசினால் அந்தச் சொல் செய்திக்குத் தேவைப்பட்டு வரவில்லை. காணிப் பிணக்கு, மொழிப் பிரச்சினை, தேர்தல் போன்றவற்றில் இனம் தேவைதான். அங்கே அதை மறைத்தால் அதுவே பொய்யாகிவிடும். ஆகவே "இனத்தை எழுதவே கூடாது" என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்வதை நான் ஏற்பதில்லை.

போகிற போக்கில் ஒன்று: யுத்த காலத்தில் எங்கள் பேப்பர்களில் அதிகம் வந்த சொல் "இனந்தெரியாத நபர்கள்". ஆளைச் சுட்டவர்கள் எல்லோரும் இனந்தெரியாதவர்கள்தான். 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரில் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்ட ஊரில், அந்தச் சொல் சில வேளை நிருபரின் உயிர்க்கவசமும்கூட. பழைய பேப்பரை வாசிக்கும்போது இதை மறந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஐந்து: வினைச்சொல்லில் யாரைக் காணவில்லை?

இது எனக்குப் பிடித்த படி, இதில் அதிக நேரம் எடுங்கள். தமிழில் எழுவாய் இல்லாமலே வசனம் நன்றாக ஓடும். அதனால் செய்தவரை ஒளிப்பது வலு சுகம். "குடும்பத் தகராறு காரணமாகப் பெண் தாக்கப்பட்டு வைத்தியசாலையில் அனுமதி." அடித்தது யார்? தகராறா அடித்தது? "குடும்பத் தகராறு" என்றதும் இரண்டு பேரும் சரிசமமாகச் சண்டை பிடித்த மாதிரி ஒரு படம் எழும்புகிறது. இதையே "கணவர் மண்வெட்டிப் பிடியால் அடித்ததில் மனைவியின் கை முறிந்தது" என்று எழுதினால் செய்தி வேறாகிவிடும். நீதிமன்றம் முடிவு சொல்லும் வரை "அடித்ததாகப் பொலிஸார் கூறுகின்றனர்" என்று சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இல் வந்துவிட்டது. எங்கள் தலைப்புகளில் இன்னும் "தகராறு".

"கற்பழிப்பு" என்ற சொல்லைப் பல பத்திரிகைகள் கைவிட்டு "பாலியல் வன்புணர்வு", "வல்லுறவு" என்று எழுதத் தொடங்கியது நல்ல மாற்றம். பழைய சொல்லில் குற்றவாளியைவிடப் பெண்ணின் கற்பு பெரிதாக நின்றது. ஆனால் "வன்புணர்வுக்கு உட்படுத்தப்பட்டார்" என்பதிலும் எழுவாய் இல்லை. சொல் மாறியது, இலக்கணம் மாறவில்லை. "கள்ளக்காதல்", "தகாத உறவு" என்ற சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு மட்டும் போதாது, யார் வாயால் அது முதலில் வந்தது என்றும் எழுதிவைக்கவும்.

ஆறு: அந்தச் செய்தி யார் வாயிலிருந்து வந்தது?

பிராந்திய நிருபர் மாதச் சம்பளக்காரர் அல்ல. அச்சான செய்திக்குத்தான் காசு. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து, வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரைக்குப் பாலம் கடந்து போய், இரண்டு பக்கமும் கேட்டு எழுதினாலும் அதே காசு, பொலிஸ் நிலையத்துக்கு ஒரு கோல் எடுத்து எழுதினாலும் அதே காசு. ஆகவே செய்தி பொலிஸ் பாஷையில் வருவதில் ஆச்சரியம் இல்லை. "சம்பவம் தொடர்பில் மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்று முடியும் செய்திகளை எண்ணினால் கை வலிக்கும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நடந்த கொடுமையைப் பற்றி எழுதினேன். பெயர் போடவில்லை, அதில் எனக்குப் பெருமை வேறு. வயதைப் போட்டேன், கிராமத்தைப் போட்டேன், தகப்பனின் தொழிலைப் போட்டேன். சின்னக் கிராமம். அந்தத் தொழிலில் அங்கே இரண்டு பேர், அந்த வயதில் பிள்ளை உள்ளவர் ஒருவர். காலையில் பேப்பர் தேத்தண்ணிக் கடைக்கு வந்தது, பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்தக் குடும்பம் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டது. நான் எழுதி அனுப்பிய பத்திரிகை அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அடுத்த மாதம் எனக்குக் காசு வந்தது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை இனங்காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம் என்று 1995 திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையிலேயே இருக்கிறது. எனக்கு அது தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே இந்தப் படியில் ஒரு பயிற்சி: செய்தியில் பெயர் இல்லாத பெண்ணை, அதில் உள்ள விபரங்களை மட்டும் வைத்து உங்கள் ஊர்க்காரர் ஒருவரால் கண்டுபிடிக்க முடியுமா என்று பாருங்கள். பேஸ்புக் பக்கங்களில் இன்னும் மோசம். முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலைத் தெளிவாகப் போடுவார்கள்.

ஏழு: படம்

சுருக்கமாகச் சொல்கிறேன். செய்திக்குரிய படமா, கோப்புப் படமா என்று பாருங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம்களைப் பற்றிய எந்தச் செய்தி என்றாலும் கறுப்பு அபாயா அணிந்த பெண்கள் முதுகு காட்டி நடக்கும் ஒரு படம் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தத் தேவாலயத்தில் குண்டை வெடிக்கவைத்தவர் ஆண். படத்தில் நடந்தவர்கள் சந்தைக்குப் போன பெண்கள். ஊர் அரபுமயமாகிவிட்டது என்பதற்குக் காத்தான்குடி வீதியின் பேரீச்ச மரங்களும் அந்த நாட்களில் சாட்சிக்கு இழுபட்டன. ஏப்ரல் 29 அன்று அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவதற்குத் தடை வந்தது. அதைப் பற்றி ஆண் அமைச்சர்கள், ஆண் உலமாக்கள், ஆண் ஆய்வாளர்கள் பேசினார்கள். முகம் மூடியவரிடம் ஒரு வார்த்தை கேட்ட செய்தி எத்தனை என்று எண்ணுவது நல்ல வீட்டுவேலை.

தமிழ்ப் பெண்ணுக்கும் ஒரு நிரந்தரப் படம் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தை நெஞ்சோடு அணைத்து வாய்விட்டு அழும் தாய். அழுதது உண்மை. அதே தாய் அரை மணி நேரத்துக்கு முன் ஆணைக்குழுவிடம் திகதி, இலக்கம், வாகனத்தின் நிறம் எல்லாம் வரிசையாகச் சொல்லியிருப்பார். அதற்குப் படம் இல்லை.

எட்டு: இரண்டு நிறமும் சேரும் இடம்

இப்போது நட்சத்திரம் போட்ட வரிகளை எடுங்கள். இதற்கு ஒரு சின்ன வெளிநாட்டுக் கதை உதவும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். ஆட்குறைப்பில் தாங்கள்தான் முழுதாக வெளியே போனோம் என்றார்கள். 1976 இல் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கம்பனி பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, பாகுபாட்டுக்கு இடமேது என்பது வாதம். எடுத்த பெண்கள் வெள்ளையர், கந்தோரில். எடுத்த கறுப்பினத்தவர் ஆண்கள், தொழிற்சாலையில். கறுப்பினப் பெண் இரண்டு கணக்கிலும் விழாமல் நடுவில் விழுந்தாள். கிம்பர்லி கிரென்ஷோ என்ற சட்டப் பேராசிரியை 1989 இல் இந்த வழக்கை எடுத்து, நாற்சந்தியில் இரண்டு பக்கத்தாலும் வாகனம் வந்து மோதுவதுபோல என்று விளக்கினார். கல்முனைச் சந்தியில் நின்று பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

எங்கள் மாவட்டங்களில் இனமும் பெண்ணும் இப்படிச் சேர்வது எப்படி வரும்? 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரம். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. வந்தவர் ஒருவரின் சாப்பாட்டில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சிங்களத்தில் சத்தம் போட்டார். காசு மேசையில் நின்றவருக்குச் சிங்களம் அவ்வளவாக ஓடாது. மாக்கட்டியைப் பற்றித்தான் கத்துகிறார் என்று நினைத்தார். போட்டாயா, போட்டாயா என்று கூட்டம் நெருக்க, ஓம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அவர்கள் கேட்டது சிங்களத்தில் "வந்த பெத்தி" என்று சொல்லப்படும் மலடாக்கும் குளிசையை. அந்த வாக்குமூலம் வீடியோவாகப் பேஸ்புக்கில் பரவியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது, வாகனங்கள் எரிந்தன. அரச பகுப்பாய்வாளர் பிறகு பரிசோதித்தபோது அது மாச்சத்துக் கட்டி. ஆளை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு குளிசை மருத்துவத்திலேயே இல்லை. சில நாட்களில் கண்டிப் பக்கத்துத் திகன எரிந்தது, மார்ச்சில் சமூக வலைத்தளங்களை அரசாங்கம் தற்காலிகமாக மூடியது. அந்தக் கலவரத்தில் தன் தளம் வகித்த பங்குக்குப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

இந்தச் செய்தியைப் பெரும்பாலும் நீலப் பேனையால் மட்டும்தான் வாசித்தோம். சிங்களவர், முஸ்லிம்கள், கடை, பள்ளிவாசல். சிவப்புப் பேனையை எடுங்கள். வதந்தியின் உள்ளே இருப்பது என்ன? கரு. எங்கள் இனம் குறைகிறது, அவர்கள் இனம் பெருகுகிறது, நடுவில் குழந்தை பெறும் உடல். சிங்களப் பெண்ணைத் தாயாக மட்டும் பார்த்தவர்கள், முஸ்லிம் பெண்ணைப் பிள்ளை பெறும் இயந்திரமாகப் பார்த்தவர்கள், இரண்டும் ஒரே ஆட்கள். அந்தக் கதையில் ஒரு பெண்கூடப் பேசவில்லை. அடுத்த வருடம், உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை முதற்பக்கத்தில் போட்டது. வேறு ஊர், வேறு பாத்திரம், அதே கரு. அதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அம்பாறைச் செய்தியை 2018 இலேயே சிவப்புப் பேனையாலும் வாசித்திருந்தால், இரண்டாவதைக் கண்டதும் இது பழைய கதை என்று எழுதியிருக்கலாம்.

தமிழ்ப் பேப்பருக்கும் சொந்தச் சரக்கு இருக்கிறது. தமிழ்ப் பெண் முஸ்லிம் ஆணைக் கல்யாணம் முடித்தால் "மதமாற்றம்". மறுபுறமாக நடந்தால் செய்தியே இல்லை, அல்லது "காதல் வென்றது". திருகோணமலையில் 2018 ஏப்ரலில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியைகளின் அபாயா பிரச்சினையானபோது, சேலை தமிழ்ப் பண்பாடு, அபாயா முஸ்லிம் பண்பாடு என்று இரண்டு பக்கப் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக எழுதின. வேட்டி கட்டாமல் காற்சட்டையோடு பாடம் எடுக்கும் ஆசிரியர்களின் பண்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒன்பது: கலண்டரை எடுத்து வையுங்கள்

1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். ஆகஸ்ட் 11 இரவு தொடங்கி 12 வரை, ஏறாவூர். செப்டெம்பர் 5, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதிமுகாம். செப்டெம்பர் 9, சத்துருக்கொண்டான். ஆறு வாரத்துக்குள், ஒரே வீதியோரம். முதல் இரண்டிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், பின்னிரண்டிலும் தமிழர் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள்.

ஐந்தாம் படியை நானே மீறிவிட்டேன், கவனித்தீர்களா? "கொல்லப்பட்டார்கள்." யார் கொன்றது? காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தப்பியவர்கள் விடுதலைப் புலிகளைச் சொன்னார்கள். வந்தாறுமூலையிலும் சத்துருக்கொண்டானிலும் சாட்சி சொன்னவர்கள் இராணுவத்தைச் சொன்னார்கள். இந்த நான்கு திகதியிலும் உங்கள் பத்திரிகை என்ன எழுதுகிறது, எதற்கு எழுவாய் வைக்கிறது, எதை வெறும் "சம்பவம்" ஆக்குகிறது என்று ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் பாருங்கள். ஒரு பத்திரிகை போதாது, மூன்று வாங்க வேண்டிய மாதங்கள் அவை.

யாருக்குத் திகதியே இல்லை என்பதும் உண்டு. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர்கள், மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர். பேப்பரில் அவர்கள் வருவது ஆட்டத்தோடும் பாட்டோடும்தான்.

பத்து: திரை

இது எங்கள் பொருள் இல்லை, ஆனாலும் இரவு எட்டு மணிக்கு வீட்டில் ஓடுவது இதுதான். சென்னையிலிருந்து வரும் சீரியலில் மருமகள் வெள்ளை, வேலைக்காரி கறுப்பு. கதாநாயகன் கறுப்பாக இருக்கலாம், கதாநாயகி இருக்கவே கூடாது. இனமும் பெண்ணும் சேரும் கோடு இங்கே தோலில் விழுகிறது. "ஃபெயார் அண்ட் லவ்லி" முகக் கிறீம் 2020 இல் "குளோ அண்ட் லவ்லி" ஆனது, டியூப் மட்டும் அதேதான். இலங்கைத் தமிழ் பேசும் பாத்திரம் வந்தால் அகதியாக வரும், பேச்சும் ஒரு தினுசாக இருக்கும். மட்டக்களப்புப் பேச்சு என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

பதினொன்று: தனியே வாசிக்காதீர்கள்

ஸ்டுவர்ட் ஹால் என்ற அறிஞர் ஜமேக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். ஒரே செய்தியை மூன்று விதமாக வாங்கலாம் என்று 1973 இல் எழுதினார்: சொன்னபடியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுவது, தலைகீழாக எதிர்த்து வாசிப்பது. இதைச் சோதிக்க எங்கள் பிரதேசம் மாதிரி இடம் கிடையாது. தமிழர் ஊரான ஆரையம்பதியையும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியையும் ஒரு வீதிதான் பிரிக்கிறது.

ஒருமுறை ஒரே காணிச் செய்தியை ஆரையம்பதிப் பிள்ளைகள் ஐந்து பேரிடமும் காத்தான்குடிப் பிள்ளைகள் ஐந்து பேரிடமும் தனித்தனியே கொடுத்தோம். முதல் சுற்றில் ஒவ்வொரு பக்கமும் செய்தி தங்களுக்கு எதிராக எழுதப்பட்டிருக்கிறது என்று சத்தியம் செய்தது. பிறகு பேனைகளைக் கொடுத்து ஒரே மேசையில் இருத்தினோம். கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் ஒரு பிள்ளை, "சேர், இந்தக் காணி ஆரின்ட பேரில இருக்கு எண்டு ஒருத்தரும் எழுதல்லயே" என்றாள். உறுதி ஒரு மூதாட்டியின் பெயரில் இருந்தது. அவரைப் பற்றிச் செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு இனமும் சண்டை பிடித்த காணிக்கு ஒரு சொந்தக்காரி இருந்தாள்.

சிங்களம் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நாளில் சிங்களப் பத்திரிகை என்ன போட்டது என்று தெரியாமல் அம்பாறைச் செய்தியை முழுதாக வாசித்தேன் என்று சொல்ல முடியாது.

பன்னிரண்டு: எழுதி அனுப்புங்கள்

பிழை கண்டால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். கோபத்தை வெளியே வைத்துவிட்டு நான்கு விஷயம் மட்டும்: திகதி, பக்கம், பிழையான வரி அப்படியே, சரியான விபரம் ஆதாரத்தோடு. "உங்கள் பத்திரிகை எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்கினால் கடிதம் குப்பைக்குப் போகும், நான் போட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் கொழும்பில் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. பத்திரிகைகள் தாங்களே சேர்ந்து 2003 இல் அமைத்தது. பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக் கோவையை வைத்து விசாரிக்கும். தமிழிலேயே எழுதலாம், காசு கட்டத் தேவையில்லை. அந்த ஆணைக்குழுவால் தண்டனை எதுவும் கொடுக்க முடியாது, ஆனால் திருத்தம் போட வைக்கலாம். நாங்கள் அனுப்பிய முறைப்பாடுகளில் ஒன்றுக்குத் திருத்தம் வந்தது, நான்கு வரி, உள்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே. பிள்ளைகள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள்.

பேஸ்புக் பதிவு என்றால் பகிர்ந்து திட்டாதீர்கள். திட்டுவதற்காகப் பகிர்ந்தாலும் அது பகிர்வுதான். படமாக எடுத்துவைத்துக்கொண்டு முறையிடுங்கள்.

வெட்டிய பேப்பர்களைத் திகதி எழுதி, பொலித்தீன் உறையில் போட்டு, அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். எங்களுடைய முதல் இரண்டு வருடக் கொப்பிகள் ஒரு மார்கழி வெள்ளத்தில் போய்விட்டன.